கட்டிக்குப் போட்ட சங்கிலி

விளாங்குடி,
ஞாயிறு.

அன்புள்ள சூர்யபிரகாஷ் அண்ணனுக்கு,

இங்கே மூவரும் நலம். போனில் தொண்டைப் பேச்சை எடுத்தாலே நீ வைத்துவிடுகிறாய். அதனால்தான் புனேக்குத் திரும்பும் உன் கூட்டாளி சோணை அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அப்பாவுக்கு ரேடியேஷன் நேற்றோடு முடிந்தது. வாயெல்லாம் புண், கஞ்சிதான் இறங்குகிறது. ஆனால் கழுத்துக் கட்டி கரைந்துவிட்டது. "நல்லா வந்துருவாரும்மா, பாக்கை மட்டும் தொடவிடாதே" என்றார் டாக்டர்.

உன்னிடம் மறைத்த ஒன்று. கட்டி தெரிந்ததும் அம்மா அதைப் பொன்னுக்கு வீங்கி என்றாள். தங்கம் பட்டால் வடிந்துவிடும் என்று பக்கத்து வீட்டு ஒச்சாயி அக்காவிடம் தங்கச் சங்கிலி இரவல் வாங்கி அப்பா கழுத்தில் போட்டாள். அதோடுதான் அவர் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினார். "என்ன மாப்ள, ரெண்டாங் கல்யாணமா?" என்று அங்கே கேட்டார்களாம். நானும் சிரித்தேன். ஒரு மாதம் அப்படியே போனது. பொன்னுக்கு வீங்கி என்றால் வலிக்கும், பத்து நாளில் வடிந்துவிடும். இது ஒரு பக்கம் மட்டும், கல் மாதிரி, வலியே இல்லாமல் இருந்தது. வலிக்காததால்தான் ஏமாந்தோம். காது குத்துகிறது என்றாரே, அதற்குச் சொட்டு மருந்து ஊற்றினோம். நோய் இருந்ததோ தொண்டைக்குள்.

அம்மாவை நான் திட்டவில்லை. டீயோடு பாக்குப் பொட்டலத்தையும் நீட்டுகிறானே மில்காரன், அவனைத்தான் திட்டுகிறேன். பசி தெரியாமல் மூட்டை இறங்க வேண்டும், அம்புட்டுத்தான் அவனுக்கு. உன் முறுக்குக் கம்பெனியிலும் அதே கதை என்று சோணை அண்ணன் சொன்னார். நீயும் வாயில் ஒதுக்கிக்கொண்டுதான் அடுப்படியில் நிற்கிறாயாம்.

உன் குரல் கம்மி ஆறு வாரமாகிறது. எண்ணெய்ப் புகை என்கிறாய். புகையாகவே இருக்கட்டும், பார்த்துவிட்டுச் சொல்லலாம். குரல் கம்மல், ஆறாத வாய்ப்புண், விழுங்கச் சிரமம், எதுவானாலும் மூன்று வாரத்துக்கு மேல் வைத்துக்கொண்டு இருக்கக் கூடாது என்கிறார் டாக்டர். உன்னைப் பற்றியும் கேட்டேன். சின்னக் குழாய் விட்டுப் பார்த்தால் போதுமாம், ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் முழுசாகக் குணமாக்கிவிடலாமாம்.

லீவு தரமாட்டான் என்று சொல்லாதே. நீ செத்தால் மறுநாளே உன் அடுப்பில் வேறு ஆளை நிறுத்துவான். எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

அடுத்த வாரம் வியாழக்கிழமை விடிந்ததும் இங்கே பெரியாஸ்பத்திரிக்குப் போய்த் தொண்டை டாக்டர் வரிசையில் நிற்பேன். நீ வந்து என் இடத்தில் நின்றுகொள்.

உன் தங்கை,
பவதாரிணி