மூன்றாம் வரிசைக் கடைசிச் செடி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம் என்று எழுதுவது மரியாதைக்காக. இடுப்பெலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். நான் மாடிப்படி ஏறுவதைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார். மகள் வீடு ஏழாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்.

அண்ணன் போய் எட்டு மாதமாகிறது. தோட்டத்தை இப்போது உன் பொறுப்பில் விட்டிருக்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. ஒவ்வொரு கடிதத்திலும் வரிசையின் கடைசிச் செடியில் ஓர் இலை வீதம் ஐந்து இலைகள் வைத்து அனுப்பு. எண் எழுதி, காகிதத்தில் அழுத்தி. மழைநீர்த் தொட்டித் தண்ணீர் மட்டுமே ஊற்று. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். ப்ளூபெர்ரிக்கு அமிலம் கலந்த புளித்த மண் வேண்டும் என்று முப்பது வருடம் கூட இருந்த உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

மூன்றாம் வரிசைக் கடைசிச் செடியின் அடியில் கொத்தாதே. அண்ணன் முதன்முதலில் நட்ட செடி அது. வேறு காரணம் கேட்காதே.

அளவு டேப்போடு ஒருவர் தோட்டத்தில் நின்றதாக நம் பழம் ஏற்றும் லாரி டிரைவர் போனில் சொன்னார். யார் அவர்?

மண்ணைப் புளிக்கவைக்கும் கந்தகம் இருக்கும் கிடங்கின் சாவி என்னிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 15

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். டேப்போடு வந்தவர் வலைக்காரர். போன வருடம் பழம் நீலமான பிறகுதான் வலைக்குச் சொன்னோம்; பறவைகள் நமக்கு முன்பே அறுவடையை முடித்துவிட்டன. அதனால் இப்போதே அளவு கொடுத்தேன். "அம்மா இல்லாம நீங்க சொல்ற அளவு செல்லுமா?" என்று அவரே கேட்டார். உங்கள் புகழ் அந்த அளவுக்குப் பரவியிருக்கிறது.

ஆறு வயது தாண்டிய கிளைகளை அடியோடு வெட்டிவிட்டேன். பைன் ஊசியிலைகளை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பியிருக்கிறேன். பூ வந்துவிட்டது, தேனீக்கும் குறைவில்லை. ஐந்து இலைகள் உள்ளே.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். டாக்டரோடு சண்டை வேண்டாம்.

உங்கள் அன்புள்ள,
தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

மூன்றாம் எண் இலை வரிசையின் தலைச்செடியில் பறித்தது. பம்பு அறை நிழலில் நிற்கும் செடிக்குத்தான் அத்தனை அகல இலை. கடைசிச் செடியின் இலையை ஏன் மறைத்தாய் என்று யோசித்தேன். யோசித்துச் சும்மா இருக்கும் பழக்கம் எனக்கில்லை. லாரி டிரைவரிடம் சொல்லி அந்தச் செடியின் இலையையும் அடியிலிருந்து ஒரு கரண்டி மண்ணையும் வரவழைத்தேன்.

இலையில் நரம்பு மட்டும் பச்சை. மற்றதெல்லாம் மஞ்சள்.

மாப்பிள்ளையின் ஆய்வுக்கூடத்திலிருந்து லிட்மஸ் தாள் வந்தது. கான்வென்டில் சிஸ்டர் கற்றுக்கொடுத்த வேதியியல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மண்ணை நனைத்துச் சிவப்புத் தாளை வைத்தேன். நீலமானது. புளித்த மண்ணில் அப்படி ஆகாது. சுண்ணாம்பு போட்டிருக்கிறாய்.

பழரசக் கம்பெனிக்காரர் நிலத்தை இரண்டு முறை என்னிடம் விலைக்குக் கேட்டவர். செடி செத்தால் கிழவி கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்று அவர் உனக்குச் சொன்னாரா, நீ அவருக்குச் சொன்னாயா?

"சித்தப்பாவைப் போய் சந்தேகப்படுறியேம்மா" என்கிறாள் மகள். அவள் தன் அப்பாவைப் போல. பார்த்தவரையெல்லாம் நம்புவாள்.

இம்மாதம் முப்பதாம் தேதிக்குள் தோட்டத்து வீட்டைக் காலிசெய். நாற்றுப்பண்ணைக்காரர் பொறுப்பேற்பார்.

இப்படிக்கு,
அண்ணி


ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

இலையை மறைத்தது உண்மை. சுண்ணாம்பு போட்டது பொய்.

செடி மஞ்சளடித்ததும், நீங்கள் வேண்டாமென்று சொல்லியும், அடியில் கொத்திப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் மண் வெளிறிக் கிடந்தது. சலித்தபோது சல்லடையில் ஓர் எஃகுத் திருகு நின்றது. அண்ணனின் முழங்காலில் வைத்த மூன்றில் ஒன்று. அந்த ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டவன் நான்; எக்ஸ்ரேயில் டாக்டர் எனக்குத்தான் காட்டினார்.

அண்ணி, அஸ்தியைக் கடலில் கரைத்த அன்று பாத்திரத்தைப் பிடித்திருந்தது நான். இலேசாக இருந்தது. இத்தனை மாதமும் அந்தச் சுடுகாட்டு ஆளைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். உங்களை நினைக்கவேயில்லை.

ஒருமுறை அடுப்புச் சாம்பலை வரிசையில் கொட்டியதற்கு ஒரு வாரம் நீங்கள் என்னோடு பேசவில்லை. "செடிக்கு வெஷம் வச்சிட்டியேடா" என்றீர்கள். அதே சாம்பல்தான் இதுவும் என்று உங்களுக்கு எப்படி எழுதுவேன்? இலையை மாற்றி வைத்தேன்.

செடியைப் பெயர்த்து, வேரை மழைநீரில் அலசி, ஐந்தாம் வரிசை ஓரத்தில் புது மண்ணில் நட்டிருக்கிறேன். கந்தகம் உங்கள் பூட்டுக்குள் இருக்கிறது. நாற்றுப்பண்ணைக்காரரிடம் ஒரு டப்பா வாங்கினேன். பழைய மண்ணை எறியவில்லை. சமையலறை ஜன்னலுக்கு நேரே நிற்கும் மாதுளைக்குச் சுண்ணாம்பு மண் பிடிக்கும். ஒரு பொட்டு சிந்தாமல் அதன் அடியில் சேர்த்துவிட்டேன்.

திருகு தீப்பெட்டியில் இருக்கிறது. என்ன செய்வதென்று எழுதுங்கள்.

என் சாமான் இரண்டு பெட்டிதான். முப்பதாம் தேதி காலை பஸ்.

தம்பி


ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதத்தில் நான்கு எழுத்துப்பிழைகள். இந்த முறை திருத்தவில்லை.

பாத்திரத்தில் பாதியை எடுத்தது நான்தான். எல்லாவற்றையும் கடலில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்ப முடியவில்லை. சாம்பல் இந்தச் செடியை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். உனக்கே நான்தானே சொல்லிக்கொடுத்தேன். ஆனால் அன்று என் கையில் இருந்தது சாம்பல் என்று எனக்குத் தோன்றவேயில்லை. லிட்மஸ் தாள் நிறம் மாறியபோதும் தோன்றவில்லை.

நாற்றுப்பண்ணைக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு நாற்று விற்கத் தெரியும், கிளை வெட்டத் தெரியாது. பெட்டிகளைப் பிரித்து வை.

"சித்தப்பாவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினியா?" என்று மகள் கேட்டாள்.

"கிடங்குச் சாவியை கவர்ல வச்சிருக்கேன்."

"அதுவும் இதுவும் ஒண்ணாம்மா?"

அவளுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

பெயர்த்து நட்ட செடியில் இருக்கும் பூவையெல்லாம் கிள்ளிவிடு. இரண்டு வருடம் காய்க்க விடாதே. முதலில் வேர் பிடிக்கட்டும். திருகை நீயே வைத்துக்கொள். உனக்கும் ஏதாவது இருக்க வேண்டும்.

இனி வரிசை இலைகள் அனுப்ப வேண்டாம். மாதுளையில் ஓர் இலை மட்டும் பறித்து அனுப்பு. எண் போட வேண்டியதில்லை.

அன்புடன்,
அண்ணி