சாவில்லாத தெருவில் பறை

நவம்பர் 7, வெள்ளி

விடாத தூறல். கல்வராயன் மலை கண்ணுக்கே தெரியவில்லை. நான் தொடங்கும் பறை வகுப்புக்கு நோட்டீஸ் புரூஃப் வந்தது. நான் எழுதியது: ‘பறை அடியுங்கள். சுகர், பி.பி., மன அழுத்தம் எல்லாம் பறந்துபோகும்.’ நன்றாகத்தான் இருந்தது.

சொல்லித்தரப்போகும் முனுசாமி அண்ணன் கச்சிராயபாளையத்திலிருந்து வந்தார். வாசித்ததும் ஒரே சிரிப்பு. “இன்னாம்மா இது? நான் சின்ன வயசுலேர்ந்து அடிச்சிக்கினு வரேன், எனக்கே சுகர் ஜாஸ்தி.”

மாற்றினேன். ‘ஞாயிறு காலை பறை. கை வீசும், வேர்க்கும், மனசு லேசாகும். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.’ இதுவும் விற்கும். நான் விற்றால் எதுவும் விற்கும்.

என் வீட்டுக்காரர்: “ரெண்டு ஞாயிறு பாரு. ஆள் வரலன்னா பதினேழாந்தேதி திங்கக்கிழமை திரும்ப லேப்புக்கே போயிடு. பேசி வெச்சிட்டேன்.” இரத்தம் எடுக்கும் வேலை. போன மாதம்தான் விட்டேன். ரிசல்ட்டை வாங்கும்போது அந்த முகங்கள்! சரி என்று தலையாட்டினேன். திரும்பிப் போகிற எண்ணமே இல்லை.

நவம்பர் 8, சனி

வெயில். நோட்டீஸ் கொடுத்தது: உழவர் சந்தை, பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, கோயில் வாசல். சந்தையில் ஓர் அம்மா அதிலேயே பச்சை மிளகாயை மடித்துக்கொண்டார். படித்துவிட்டு மடித்திருந்தால் சரி.

எதிர் வீட்டுக்காரர்: “யோகா சொல்லிக்குடுங்க, வரேன். நம்ம தெருவுல எதுக்கு அது?” அந்த ‘அது’வுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சுருக்கென்றது. “யோகா முடிச்சிட்டே வாங்க சார், ஆறரைக்குத்தான் ஆரம்பம்” என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

ஐயோ. ஐயோ.

தெருமுனைக் காலி மனை. ஒருத்தரும் வரவில்லை. “சத்தம் கேட்டா வருவாங்க, அடிங்கண்ணா” என்று சொன்னது நான்தான். வந்தார்கள். தெருவே வந்தது. நேராகக் கோவிந்தன் பெரியவர் வீட்டுக்கு! இரண்டு வருடமாகப் படுக்கையும் நாற்காலியுமாக இருப்பவர். பறை என்றால் சாவு, சாவு என்றால் அவர்தான் என்று முடிவே கட்டிவிட்டார்கள். ஒருவர் கையில் மாலை வேறு. பெரியவர் உள்ளே டீயில் பன் நனைத்துத் தின்றுகொண்டிருந்தாராம்.

மருமகள் செல்வி மனைக்கே வந்து பிடித்தாள் ஒரு பிடி. “உசுரோட இருக்கிற மனுசனுக்கு மாலையாக்கா? நானே அவர வெச்சிக்கினு வூட்ட வுட்டு நவுர முடியாம கெடக்கறேன். இனிமே சத்தம் கேட்டுது, அவ்ளோதான்!”

வீட்டுக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அதுதான் எரிச்சல்.

நவம்பர் 10, திங்கள்

மன்னிப்புக் கேட்கப் போனேன். செல்வி முகமே கொடுக்கவில்லை. பெரியவர்தான் கூப்பிட்டார். “எனக்குன்னுதான நெனச்சாங்க? செத்தப்புறம் அடிச்சா எனக்கா கேக்கப்போவுது? வர ஞாயித்துக்கெழம என்னத் தூக்கிக்கினு போங்க. இப்பவே கேட்டுர்றேன்.”

“இன்னா மாமா பேச்சு இது!” என்றாள் செல்வி.

எனக்கோ மனசுக்குள் ஒரு குதி. இதைவிட விளம்பரம் எங்கே கிடைக்கும்?

நவம்பர் 16, ஞாயிறு

பெரியவரை நாற்காலியோடு மனைக்குத் தூக்கி வந்தார்கள். வேடிக்கை பார்க்கத் தெரு முழுக்கக் கூட்டம். எதிர் வீட்டுக்காரர் மாடியில். முனுசாமி அண்ணனும் நானும் அடித்தோம். வேடிக்கைதான், பறையைத் தொட ஆளில்லை. நாளைக்கு லேப்.

பெரியவர் செல்வியிடம்: “சும்மாதான நிக்கற, நீ அடியேன்.”

“போங்க மாமா.”

விடுவேனா? பறையை அவள் தோளில் மாட்டினேன். அண்ணன் குச்சிகளைக் கொடுத்தார். “யாரு மேலயாவது கோவம் இருக்கும்ல, நெனச்சிக்கினு அடிம்மா.”

முதல் அடி கதவைத் தட்டுகிற மாதிரி. இரண்டாவது கொஞ்சம் பலமாக. அப்புறம் அடித்தாள், அப்படி ஒரு அடி! கொண்டை அவிழ்ந்தது, வேர்த்துக் கொட்டியது, நிறுத்தவே இல்லை.

பெரியவர் கத்தினார்: “என்னத்தான் நெனச்சிக்கினு அடிக்கிறா. அடி, நல்லா அடி!”

தெருவே சிரித்தது. செல்வியும் சிரித்தாள், கண்ணில் தண்ணீரோடு. சுகர்காரர்களையே தேடிக்கொண்டிருந்தேன், இவள் என் நினைப்பிலேயே இல்லை.

மூச்சு வாங்கப் பறையைக் கழற்றியவள் கேட்டாள்: “அக்கா, நாளைக்கும் உண்டா?”

வீட்டுக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார்.

“உண்டு. ஆறரைக்கு வந்துடு.”