வெட்டிய படத்தின் மறுபாதி

12.10, திங்கள்

கச்சான் காற்று ஓய்ந்துவிட்டது. கடல் தகடு மாதிரி. முழங்கால் வலி. தொழிலுக்குப் போகவில்லை.

அடுத்த மாதம் திரேசம்மாவின் நினைவு ஆண்டுப் பூசை. கோவிலில் வைக்க மனைவியின் படம் ஒன்று இல்லாத மனிதன் நான். அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாயிற்று. பொலிஸ் தேடுகிற ஆள் மாதிரி இருக்கிறாள். இடப்பெயர்வில் போன படங்கள் போனவைதான். அதற்குப் பிறகு அவள் கமராவுக்கு முன் நின்றது ஒரே ஒரு தரம். மீன்பிடிச் சங்கக் கட்டடம் திறந்த அன்று, என் பக்கத்தில்.

அந்தப் படம் சங்க மலரில் வந்தது. பங்குச் சுவாமியார் இருக்கிறார். தலைவர் இருக்கிறார். அப்போதைய செயலாளர் அருளப்பு பல்லெல்லாம் காட்டிக்கொண்டு நிற்கிறான். ஓரத்தில் ஒரு முழங்கை. அது நான். அவள் அதுகூட இல்லை. மலரைச் செய்தவனும் படத்தை வெட்டியவனும் அருளப்பு. அன்றிலிருந்து அவனோடு கதை இல்லை.

படம் எடுத்த ஸ்டூடியோக்காரன் கனடாவில்.

13.10, செவ்வாய்

மலரின் பிடிஎப் என்னிடம் இருக்கிறது. அதிலுள்ள படங்களைத் தனித்தனிக் கோப்புகளாக எடுத்தேன். ஒருவரும் சொல்லித் தரவில்லை. வந்த படத்திலும் முழங்கைதான்.

பஸ் பிடித்துப் புதுக்குடியிருப்பு. போட்டோக்கொப்பிக் கடைப் பெண்பிள்ளை சொன்னாள்:

“ஐயா, பிடிஎப்பிலை வெட்டினது வெட்டினதுதான். வெட்டின மயிரைத் திருப்பி ஒட்டேலுமோ?”

“நான் படம் வெட்டினதைக் கேட்டனான், பிள்ளை.”

சிரித்தாள். பிறகு சொன்னாள்: “வேர்ட்டிலை செய்த மூலக் கோப்பு இருந்தாக் கொண்டுவாங்கோ. வேர்ட் வெட்டின துண்டை எறியாது, மறைச்சு வைச்சிருக்கும். வெட்டினவர் அதையும் அழிக்காமல் விட்டிருக்கவேணும்.”

மூலக் கோப்பு அருளப்புவிடம் மட்டும்.

போகாமல் தப்பும் வழிகள்:
மகளைக் கொண்டு கேட்பது. (அவளிடம் என்னைப் பற்றி அளப்பான்.)
சுவாமியாரைக் கொண்டு கேட்பது. (முதலில் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய் என்பார்.)
அடையாள அட்டைப் படம். (முடியாது.)

15.10, வியாழன்

போனேன். அருளப்பு முற்றத்தில் குந்தியிருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“வாங்கோ சம்மாட்டியார். வழி தெரிஞ்சுதே?”

“தேத்தண்ணிக்கு வரேல்லை. மலரின்ரை வேர்ட் கோப்பு வேணும்.”

“ஏன், கோட்டிலை வழக்குப் போடப் போறியளோ?”

“திரேசம்மாவின்ரை படத்துக்கு.”

அவன் கை நின்றது. எழுந்து உள்ளே போனான். அலுமாரி திறக்கிற சத்தம். பென் ட்ரைவோடு வந்தான்.

“அக்காவை வெட்ட நினைக்கேல்லை, அண்ணை. உங்களை வெட்டேக்கை அக்காவும் போயிட்டா.”

“என்னை ஏன் வெட்டினனி?”

“சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு சுவாமியார் நிக்கிற படத்திலை நிண்டால், மலரிலை போடலாமோ?”

பச்சைப் பொய். அன்று கட்டியது கட்டம் போட்ட சாரமல்ல, வெள்ளை வேட்டி. அவள் தோய்த்துத் தந்தது. முகத்துக்கு நேரே சொன்னேன்.

“வெட்டின துண்டை அழிச்சனியோ?”

“எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது.”

அவனுக்கு ஒன்று தெரியாததில் முதல் தடவையாக எனக்குச் சந்தோஷம். தேத்தண்ணி வந்தது. குடிக்கவில்லை.

16.10, வெள்ளி

மழை. கூரை ஒழுக்குக்கு வாளி வைத்தேன்.

கோப்புக்கு முதலில் ஒரு பிரதி. பிறகு பெயரின் கடைசியில் ‘.zip’ என்று போட்டேன். அப்படிச் செய்தால் கோப்பு பெட்டியாகத் திறக்குமாம். திறக்கவில்லை. மறுபடியும் வேர்ட்டே வந்து நிற்கிறது. மத்தியானச் சோறு ஆறிவிட்டது. பிறகு பிடிபட்டது: கொம்பியூட்டர் பெயரின் வாலை (.docx) ஒளித்து வைத்திருக்கிறது. நான் எழுதியது வாலுக்கு முன்னால். வாலைக் காட்ட வைத்து, வாலையே மாற்றினேன். கோப்பு பழுதாகலாம் என்று எச்சரித்தது. ஆகட்டும், பிரதி இருக்கிறது.

திறந்தது. உள்ளே ‘மீடியா’ என்ற பெட்டி. படங்களில் ஒன்றுக்கும் பெயரில்லை, இலக்கம் மட்டும். முகாமில் நாங்கள் இருந்தது போல. ஒவ்வொன்றாகத் திறந்தேன். மாதா. ஐஸ் கம்பனி விளம்பரம். புதுக் கட்டடம். பிறகு அது.

சுவாமியார், தலைவர், அருளப்பு, நான். எனக்குப் பக்கத்தில் திரேசம்மா.

முழுதாக. வாய் திறந்து சிரிக்கிறாள். கமராவைப் பார்க்கவில்லை. குனிந்து என் சாரத்தின் மடிப்பை இழுத்து அவிழ்க்கப் பார்க்கிறாள்.

சாரம்தான்.

நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாளி நிரம்பி வழிந்தது.

17.10, சனி

கடைப் பிள்ளை படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். காதுத் தோடுகூடத் தெரிகிறது.

“அம்மாவை மட்டும் வெட்டி எடுக்கட்டோ, ஐயா?”

அவள் கை என் சாரத்தில் இருக்கிறது. எங்கே வெட்டுவது?

“ஒண்டும் வெட்டாதை.”

“இந்தப் பல்லுக்காரரையும் வைக்கவோ?”

“அவனும் இருக்கட்டும்.”

இவ்வளவு அகலத்துக்குக் கண்ணாடிச் சட்டம் சிறிதாம். பெரிது போடச் சொன்னேன்.

18.10, ஞாயிறு

இன்றைய பூசை முடிந்து வரும்போது அருளப்புவிடம் ஒன்று சொல்ல வேண்டும். சாரம் சரி. ஆனால் தோய்த்த சாரம்.