மகமை நோட்டில் ஒரு தெரு

தேனி
12.7.1936

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் ஞானசெல்வியின் ஸ்தோத்திரம். அம்மா சுகம். வண்டன்மேட்டு மழையில் உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? கருப்பட்டி தீர்ந்துபோனால் மறைக்காமல் எழுதுங்கள்.

ஜில்லா போர்டு ஓவர்சியர் வந்து ஆற்றங்கரையை அளந்துபோனார். கரை கட்டும் செலவில் பாதியை ஊரார் ஆவணிக்குள் கட்டினால் மீதியைப் போர்டு தருமாம். பஜார்ச் சங்கம் நம் மகமைப் பணத்திலிருந்து கொடுக்கிறது. பஜாரில் விலைபோகும் ஒவ்வொரு மூட்டைக்கும் காலணா பிடித்தது இதற்கு உதவுவதில் எனக்கு மிகவும் பெருமை.

ஆனால் வரைபடத்தைக் கடையில் பார்த்தேன். சிவப்புக் கோடு நாம் சரக்கு அடுக்கும் கிட்டங்கியோடு நின்றுவிடுகிறது. அதற்குக் கீழே ஆற்றங்கரைத் தெரு, பதினெட்டு வீடு. என் வகுப்பு ராமுத்தாயின் வீடும் அங்கேதான். வாய்க்காலில் மண் அணைத்துச் சோதித்தேன். மேடு முடிந்த இடத்தில்தான் தண்ணீர் வேகமாக உள்ளே புகுகிறது. கரை வந்தால் அந்தத் தெருவுக்கு முன்னைவிட ஆபத்து.

சங்கத்தார் ஏழு பேரும் ஒப்பினால் கோட்டை நீட்டலாம். ஆறு பேர் உங்கள் சொல்லுக்குக் காத்திருக்கிறார்கள்.

தங்கள் அன்பு மகள்,
ஞானசெல்வி

வண்டன்மேடு
19.7.1936

அன்பு மகளுக்கு,

இருமல் குறைந்திருக்கிறது. ஏலக்காய் விலைதான் இறங்கிக்கொண்டே போகிறது.

நீ கேட்டது நியாயமாகத் தோன்றும். ஆனால் மகமை கொடுத்தவர்களுக்குத்தான் மகமை. நோட்டில் பெயர் இல்லாத தெருவுக்குச் செலவழித்தால், நாளைக்கு எவரையும் இல்லையென்று அனுப்ப முடியாது. இந்த விதியைச் சங்கத்தில் கொண்டுவந்தவனே நான். உனக்கு வேண்டியவர்கள் என்பதற்காக நானே அதை உடைக்கலாமா?

பாடத்தைக் கவனி. அம்மாவிடம் முரண்டு பிடிக்காதே.

அப்பா,
ஞானதுரை

தேனி
2.8.1936

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். கோபம் வரவில்லை. விதி என்றால் விதிதான்.

ராமுத்தாயின் அம்மா சுருளியம்மாளிடம் அதைச் சொன்னேன். அவர் நம் பஜாரில் தானியம் புடைக்கிறவர். வீட்டுக்காரர் ஒச்சாண்டி மூட்டை தூக்குகிறவர். முறத்தை நிறுத்தாமலே சொன்னார்: "அந்த நோட்டுல இருக்கிற மூட்டையெல்லாம் எங்க வீட்டு ஆளுக தலையில ஏறித்தான் வந்துச்சு ஆத்தா. எங்க பேருதான் ஏறல."

நானும் ஒரு முறம் எடுத்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிறகு, நம் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது காணிக்கைக்கென்று ஒரு பிடி அரிசி எடுத்துவைப்பதைச் சொன்னேன். பதினெட்டு வீட்டிலும் வேளைக்கு ஒரு பிடி எடுத்துவைக்கத் தொடங்கிவிட்டார்கள். விற்றுக் கரைப் பணத்தில் சேர்க்கப் போகிறார்களாம். போன கார்த்திகை வெள்ளத்தில் ராமுத்தாயின் புத்தகங்கள் எல்லாம் போய்விட்டன. இப்போது என் புத்தகத்தில்தான் இரண்டு பேரும் படிக்கிறோம்.

தங்கள் அன்பு மகள்,
ஞானசெல்வி

வண்டன்மேடு
10.8.1936

அன்பு மகளுக்கு,

பிடி அரிசியில் கரை எழும்பாது. ஆனாலும் அவர்கள் மனதை நோகடிக்காதே. அரிசியை நம் கடையிலேயே போடச் சொல். மற்ற மூட்டைகளைப் போலவே அதையும் நடத்தும்படி கணக்குப்பிள்ளை சுயம்புலிங்கத்துக்கு எழுதியிருக்கிறேன். இரக்கப்பட்டுக் கூட்டவும் வேண்டாம், ஏமாற்றிக் குறைக்கவும் வேண்டாம்.

அப்பா,
ஞானதுரை

தேனி
30.8.1936

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று அரிசி வந்தது. ஒரு மூட்டை, சற்றுத் தளர்வாக. ஒச்சாண்டி தன் தெருவுக்கென்று தூக்கிய முதல் மூட்டை.

சுயம்புலிங்கம் மாமா நீங்கள் எழுதியபடியே மற்ற மூட்டைகளைப் போல எடை போட்டார், விலை போட்டார். அந்தப் பழக்கத்திலேயே காலணா மகமையும் பிடித்துவிட்டார். சுருளியம்மாளுக்கு முகம் மாறியது. "தருமத்துக்குக் கொண்டாந்த அரிசியிலயும் வெட்டுவாகளா?" என்று கேட்டார்.

மாமா வெட்கப்பட்டுக் காலணாவைத் திருப்பி நீட்டினார். "பழக்கத்துல எழுதிட்டேன். அந்த வரிய அடிச்சுரட்டா தாயி? மொதலாளி பாத்தா வைவாக" என்று என்னிடம் கேட்டார். நான் நோட்டை எட்டிப் பார்த்தேன். பிறகு அதை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, காலணாவை மகமைப் பெட்டியிலேயே போடச் சொன்னேன்.

அப்பா, அந்த வரி இதுதான்: "ஆற்றங்கரைத் தெருவார், அரிசி மூட்டை 1, மகமை காலணா." உங்கள் கடையில், உங்கள் கணக்குப்பிள்ளை, உங்கள் உத்தரவுப்படி எழுதியது.

விதியை உடைக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆவணி முடியப் பதினாறு நாள் இருக்கிறது.

தங்கள் அன்பு மகள்,
ஞானசெல்வி

வண்டன்மேடு
5.9.1936

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். சரக்கு வாங்கும்போதும் அந்தக் காலணாதான் நினைவில் நின்றது.

வரியை அடிக்க வேண்டாமென்று சுயம்புலிங்கத்துக்கு எழுதிவிட்டேன். சிவப்புக் கோட்டை ஆற்றங்கரைத் தெருவின் கடைசி வீடுவரை நீட்டச் சங்கத்துக்கு என் சம்மதம் இத்துடன் இருக்கிறது. கூடுதல் செலவுக்கு அடுத்த வருஷம் முழுதும் மூட்டைக்கு அரையணா பிடிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறேன். மற்றவர்கள் முணுமுணுப்பார்கள். முதலில் நம் கடையில் பிடிக்கட்டும்.

இந்தச் சம்மதக் கடிதத்தை நீ கொண்டுபோகாதே. ஒச்சாண்டியிடம் கொடு. வாசலில் நின்று நீட்டிவிட்டுத் திரும்ப வேண்டாமென்று சொல். மகமை நோட்டில் பெயர் உள்ளவர்கள் உள்ளே போய் ஜமுக்காளத்தில் உட்காருவதுதான் சங்கத்து வழக்கம்.

கருப்பட்டி தீர்ந்து பத்து நாளாகிறது.

அப்பா,
ஞானதுரை