ஞானமுத்துவுக்கு வாசித்த சரமகவி

1897, பிப்ரவரி 9, செவ்வாய்.

சுரங்கத்தில் பாறை சரிந்து நேற்று இறந்த ஞானமுத்துவை இன்று சாயங்காலம் அடக்கம் செய்தோம். எங்கள் சபையில் யார் இறந்தாலும் குழிமேட்டில் சரமகவி, அதாவது இரங்கல் பாட்டு, வாசிப்பது வழக்கம். எழுதுவது ஆபீஸ் ரைட்டரான நான்தான். இந்தத் தடவை ஒரு வரியும் ஓடவில்லை.

துரை பங்களாவில் இரவல் வாங்கிய இங்கிலீஷ் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். நூற்றெண்பது வருஷத்துக்கு முன் லண்டனில் அச்சானது. அதில் ஒரு பிரபு தன் செத்துப்போன நாய்க்காகப் பாடிய பாட்டு இருந்தது. வாலையும் குரைப்பையும் விட்டுவிட்டு மீதியைத் தமிழாக்கி, ஞானமுத்துவின் பெயரைப் போட்டேன். யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியம்.

'கூப்பிட்ட குரலுக்கு ஓடி வந்தாய், கொடுத்ததை உண்டு வாசலில் கிடந்தாய்' என்று வாசித்தபோது கூட்டமே அழுதது.

எல்லாரும் போன பிறகு அவன் மனைவி சாராள் என்னிடம் வந்தாள்.

"ஐயா, நீங்க அவரோட ரெண்டு வார்த்தகூட பேசனதில்ல. எப்டி அப்டியே எழுதினீங்க? துரை கூப்டா சோத்துல கைய வெச்சிருந்தாலும் எழுந்து ஓடுவாரு. நேத்தும் அப்டிதான் போனாரு. அத நல்லா எழுதிக் குடுங்க, செவுத்துல மாட்டணும்."

இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் கிடந்ததையாவது மாற்றிவிடலாம் என்று பார்த்தேன். அந்த வரியைத்தான் அவள் எனக்கு மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினாள்.