தனிக் கரண்டில் ஓடும் பெட்டி

என் கண்ணு,

மாப்பிள்ளை தரையில் அடித்து உடைத்த உன் லேப்டாப்பிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை மட்டும் ரிப்பேர் கடையில் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை என்றா எழுதினேன்? பழக்கதோஷம். இனி எழுதமாட்டேன்.

டிஸ்க்கை உள்ளே வைத்து வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க ஒரு பெட்டி வாங்கப் போனேன். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவனுக்கு, உள்ளங்கை அளவு சாமானைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கக் கால் நடுங்கியது.

"மலிவா இருக்கறது வேணாம், அண்ணே. பாதி காப்பியில கரண்டு பத்தாம நின்னுடும். அடிபட்ட டிஸ்க், மறுபடி எழுந்திருக்கிறது சந்தேகம்தான்" என்றார் கடைக்காரர்.

"அது எழுந்திருக்கலைன்னா நானும் எழுந்திருக்க மாட்டேங்க" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தனி அடாப்டரில் ஓடும் அலுமினியப் பெட்டியாக வாங்கி வந்தேன்.

மாட்டியதும் டிஸ்க் டக், டக் என்றது. உன் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு விளக்கு எரிந்தது. வியாழக்கிழமை கோர்ட்டில் கொடுக்க நீ சேர்த்து வைத்திருந்த ஒன்பது ஒலிப்பதிவுகளும் பத்திரமாக இருக்கின்றன. எட்டுப் பதிவுகளில் அவன் உன்னை மிரட்டுவது தெளிவாகவே கேட்கிறது.

ஒன்பதாவதில் அவன் குரல் இல்லை. நீ போனில் அழுகிறாய். "ஆம்பளைன்னா அப்படித்தாம்மா, கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று சொல்வது நான். அன்றைக்கு உன்னை நினைத்து எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் வரவில்லை, பார்.

அதை அழிக்க விரல் போனது, உன்னிடம் மறைக்கமாட்டேன். ஆனாலும் அதையும் சேர்த்துத்தான் காப்பி எடுத்திருக்கிறேன். நீ அதைக் கோர்ட்டில் போட்டால், நான் பின் பெஞ்சில்தான் இருப்பேன். எழுந்து போகமாட்டேன்.

நடுக்கம் இன்னும் நிற்காத
உன் அப்பா