தொட்டி மண்ணில் வெள்ளை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்க பொண்ணு சூர்யகலா ஜெர்மனியிலேர்ந்து எழுதுறேன். நான் நல்லா இருக்கேன். மழைக்கு முன்னாடி உப்பு அள்ளி முடிச்சிட்டீங்களா? கால் வெடிப்புக்கு மருந்து போடுறீங்களா, இல்ல அம்மாகிட்ட பொய் சொல்றீங்களா?

போன்ல சொன்னா கத்துவீங்க, அதான் எழுதுறேன். போன மாசம் ஒரு பூச்செடி வாங்கி ரூம் ஜன்னல்கிட்ட வச்சேன். இலை ஒவ்வொண்ணும் பூவரசு இலையைவிடப் பெருசு. ரோஸ் கலர்ல கொத்துக்கொத்தா பூ தொங்கும்னாங்க. ஆனா மொட்டெல்லாம் கொட்டிடுச்சு. பாத்தா, தொட்டி மண்ணு மேல வெள்ளையா பூத்திருக்குது. நம்ம வாசல்ல இருந்த செம்பருத்தி உப்பு ஏறி இப்படித்தானே செத்துச்சு? நீங்க உப்புப் பாத்தியில ருசி பாக்குற மாதிரியே கொஞ்சம் சுரண்டி நாக்குல வச்சேன். கூட தங்கியிருக்கிற திருச்சிப் பொண்ணு ஷீபா, "அடிப்பாவி, அதுல உரம் இருக்குடி!"ன்னு வாய் கொப்பளிக்க வச்சா. ஒண்ணும் ஆகல, பயப்படாதீங்க. குழாய்த் தண்ணியில இருக்கிற சுண்ணாம்பாம் அது. இப்போ மழைத்தண்ணி பிடிச்சு ஊத்துறேன். புது மொட்டு ஒண்ணு விட்டிருக்குது.

ஆனா அது கரிக்கவே இல்லப்பா. கரிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னு தோணிச்சு. நம்ம மரக்காணத்துல காத்தே கரிக்கும். வேலை முடிஞ்சு வந்து என்னைத் தூக்குவீங்களே, உங்க தோள்ள வாய் பட்டாலே கரிக்கும்.

இலையில தூசு துடைக்க மெல்லிசா ஒரு துணி வேணும். அம்மா அனுப்புற பார்சல்ல உங்க பழைய தலைத்துண்டு ஒண்ணு வைங்க. கருவாடு வேணாம், வழியிலயே பிடுங்கிடுவாங்க. டூட்டிக்கு நேரமாச்சு, கெளம்புறேன்.

உங்க
கலா

துண்டைத் துவைக்க வேணாம்னு அம்மாகிட்ட சொல்லுங்க.